சாதாரணத்துக்கு ஒரு நல்ல சொல்

பதுளைக்கு ரயில் வருவதற்கு முந்திய காலம். கடைவீதியில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை. பள்ளிக்கூடம் போனவனில்லை, சரக்குச் சுற்றி வந்த தாள்களை வாசித்தே எழுத்துப் பழகினேன். வாய் மட்டும் நன்றாக ஓடும். அதனால் கல்யாணமோ கருமாதியோ, தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் நாலு வார்த்தை பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவர், என் கடைக்கு மாதம் தவறாமல் வருகிறவர், காய்ச்சலில் இறந்துபோனார். துக்கம் விசாரிக்க அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் போனேன். பதினாறாம் நாள் நீங்கள்தான் பேச வேண்டும், பெரிய கங்காணியின் அப்பாவுக்குப் பேசியதுபோலவே பேச வேண்டும் என்றார் இறந்தவரின் அண்ணன். அந்தக் கருமாதியில் நான் சிங்கம், கொடைவள்ளல், கற்பகத்தரு என்றெல்லாம் அடுக்கியிருந்தேன். தலையாட்டிவிட்டுக் கிளம்பினால், கதவுக்குப் பின்னாலிருந்து இறந்தவரின் மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தப் பேச்சு வேணாங்க. இவரு சிங்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. வேலைக்குப் போவாரு, வருவாரு, கால கழுவிட்டுச் சோறு கேப்பாரு. சாதாரண ஆளு. அதையே சொல்லுங்க."

ஏனம்மா என்றேன்.

"நீங்க வேற யாரையோ சொல்லிக்கிட்டிருந்தா எனக்கு அழுகை வராதுங்க. செத்த அன்னிக்கும் வரல."

திரும்பி வருகிற வழியெல்லாம் சொற்கள்மேல் எரிச்சல். சாதாரணம் என்றால் சபை முகம் சுளிக்கும். எளிமை என்பது இருந்ததை விட்டுக்கொடுத்தவருக்குச் சொல்வது. இவரிடம் விட்டுக்கொடுக்க என்ன இருந்தது? அன்றாடம் என்று வாயெடுத்தால் பின்னாலேயே காய்ச்சியும் வந்து ஒட்டிக்கொள்கிறது. மாமூல் என்ற சொல்லைக் கச்சேரிச் சேவகர்கள் லஞ்சத்துக்குப் பேராக்கிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். பொழுது விடிந்தால் பொழுது போனால் இந்த நாட்களைத்தான் வாழ்கிறோம். அதைச் சொல்ல மரியாதையான ஒரு சொல்லை நம்மவர்கள் யாரும் வைத்துவிட்டுப் போகவில்லை.

பக்கத்துத் துணிக்கடை முஸ்லிம் வியாபாரியிடம் கேட்டேன். அவர் சேலையை மடித்தபடியே, "நல்ல துணிக்கு நூறு பேரு வச்சிருக்கேன் மொதலாளி. தினம் உடுக்கிறதுக்கு ஒரே பேருதான், மலிவு" என்றார்.

பதினாறாம் நாள் லயத்து வாசலில் சனம் கூடியிருந்தது. பெரிய கங்காணிக்கு மட்டும் நாற்காலி. நான் எழுந்து, இவர் நம்மைப் போல ஒரு சாதாரண மனிதர் என்று தொடங்கினேன். அடுத்த வார்த்தைக்கு வழியில்லை. அண்ணன் எழுந்துவிட்டார்.

"செத்தவன கேவலப்படுத்தவா பதுளையிலிருந்து ஏறி வந்தீங்க?"

விளக்கப் பார்த்தேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை. உட்காருங்க, உட்காருங்க என்று அமர்த்தினார்கள். கங்காணி எழுந்து, என்னிடம் கேட்டுப் பழகிய அதே அடுக்கை என்னைவிட உரக்கச் சொல்லி முடித்தார். சனங்களுக்குத் திருப்தி. அவள் மட்டும் காய்ந்த கண்ணோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு யாரைப் போய் அடிப்பதென்று தெரியவில்லை.

பிறகு படையல். இலையில் சோறும் கறியும் வைத்தபின், அண்ணன் தேத்தண்ணீர்க் குவளையில் கருப்பட்டியைப் போடப் போனார்.

"அதுல போடாதீங்க மாமா. அவரு கடிச்சிக்கிட்டுத்தான் குடிப்பாரு" என்றாள் அவள்.

அண்ணனின் கை நின்றது. ஆமாம், பாதியைக் கடித்துவிட்டு மீதியைப் பிள்ளைக்கென்று மடியில் முடிந்துகொள்வான் என்றார். கூட வேலை செய்த ஒருவர், அந்த மடியில் எறும்பேறி மலையில் அவர் வேட்டியை உதறிக்கொண்டு குதித்த கதையைச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அவளும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் வாய் கோணி, உடைந்து அழுதாள்.

கங்காணி ஆறுதல் சொல்லத் தொண்டையைச் செருமினார். வெத்தலை இருக்குங்களா என்று கேட்டுக்கொண்டே அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.