நாலாவது ஆள்

பேத்தி நெயில் பாலிஷ் குப்பியைத் திறந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். தாத்தாவுக்கு அலங்காரம் பிடிக்காது என்று வீட்டில் ஒரு பேச்சு. அதெல்லாம் இல்லை. அறுந்த பிலிமை ஒட்ட நாங்கள் வைத்திருந்த பசைக்கு இதே நெடிதான். வாழைப்பழத்தைச் சாராயத்தில் ஊறப்போட்ட மாதிரி இருக்கும். சாராய வாசனை உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், அது வேறு கதை.

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் ராசிபுரத்தில் ஒரு டூரிங் கொட்டகையில் நான் ஆப்பரேட்டர். இருபது வயது, அரும்பு மீசை, நெற்றியில் புரளும் கிராப்பு. ஊரே என்னைத்தான் பார்க்கிறது என்று நினைப்பு. ஊரோ தினமும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தது.

கொட்டகை அப்போதே கிழம். மேல்துணி முழுக்க ஓட்டை. மழை வந்தால் தரை டிக்கெட்காரர்கள் சேற்றோடு வீடு போவார்கள். மழை இல்லாவிட்டால் மணலைக் குவித்து மேலே ஏறி உட்காருவார்கள், பின்னால் இருப்பவன் சண்டைக்கு வருவான். திரையில் எலி கடித்த இடத்துக்கு ஒட்டுப் போட்டிருந்தோம். அதனால் ராஜாவுக்கும் கன்னத்தில் மரு, ராணிக்கும் கன்னத்தில் மரு. யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

படத்துக்கு முன்னால் சர்க்காரின் யுத்தப் படம் ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும். சேலத்தில் ஓடி, ஆத்தூரில் ஓடி, தேய்ந்த பிறகுதான் எங்களிடம் வரும். அது ஓடும்போது பீடி பற்றவைப்பார்கள், பிள்ளைகளை ஒன்றுக்கு விட்டு வருவார்கள். பாவாயி அக்கா மட்டும் அதற்காகவே வருவாள். அது முடிந்து கதை ஆரம்பிக்கும்போது எழுந்து போய்விடுவாள். வாசலில் டிக்கெட் கிழிப்பவரே மனமிரங்கி அவளைச் சும்மா விட்டுவிடுவார்.

அவள் நெசவுக்காரர் வீட்டுப் பெண். நூல் கிடைக்காமல் தறி நின்றுபோனதும் புருஷன் சேலத்துக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். கப்பல் ஏறப்போவதாக ஒரு கடுதாசி வந்தது. அதோடு சரி. பிறகு ஒரு வாரம் வந்த யுத்தப் படத்தில் சிப்பாய்கள் வரிசையாகப் பலகை வழியே இறங்குவார்கள். நாலாவதாக வருகிறவன் ஒரு கணம் நம் பக்கம் திரும்பி, பிடரியைத் தடவிக்கொண்டு போவான். முதல் நாளே அக்கா என் அறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஏனுங் தம்பி, நாலாவதா ஒருத்தரு வாராருங்களே, அவரு எங்கூட்டுக்காரருங்க. தறியில குனிஞ்சு குனிஞ்சு அப்படித்தான் பிடரியத் தடவுவாரு. பாத்தீங்களா?"

"பாத்தனுங்கக்கா. அவரேதானுங்க" என்றேன். அவர் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது. திரையில் அந்த முகம் கோடு கோடாக, புகை படிந்து, யாராக வேண்டுமானாலும் இருக்கும். என்ன செய்ய, அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

ஆறு நாள் வந்தாள். ஏழாம் நாள், படம் போடுமுன் மறுபடி அறை வாசலில் நின்றாள்.

"நாளைக்கு ஓமலூருக்குப் போயிருதுங்களாமா? ஒருக்கா அவரு வரையில நிறுத்துவீங்களா சாமி? கண்ணு நெறையாப் பாத்துக்கறேன்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காலத்துப் பிலிம் வெடிமருந்துக்குத் தம்பி. மிஷின் நின்றால் வெளிச்சத்தை மறைக்க ஒரு தகடு தானாக விழும். விழாவிட்டால் பிலிம் பற்றிக்கொள்ளும், கொட்டகையும் போகும். தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இது. ஆனால் என்னால் முடியும் என்று காட்டிக்கொள்ள எனக்கு ஆசை. நாலாவது ஆள் திரும்பினான். மிஷினை நிறுத்தினேன். தகட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முகம் அசையாமல் நின்றது. துவாரம் வழியாகப் பார்த்தேன். பெண்கள் பக்கத்து மணலில் அக்கா எழுந்து நின்றிருந்தாள். அடுத்த மூச்சில் அந்த முகத்தின் நடுவே பழுப்பாக ஒரு புள்ளி விழுந்து, கொப்புளித்து, விரிந்தது. தகட்டை விட்டுவிட்டு, கையில் கிடைத்த ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். ஜனங்கள் விசிலடித்தார்கள். முதலாளி உள்ளே வந்து விட்ட அறை இன்றும் இடது காதில் இருக்கிறது. எரிந்த இடத்தை, மேலும் கீழும் கருகினதோடு சேர்த்து வெட்டி, பசை தடவி ஒட்டி, ஐந்தே நிமிஷத்தில் மறுபடி ஓட்டினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

கதைப்படத்தின் முதல் ரீல் முடிந்து நான் வெளியே வந்தபோது, அக்கா கூடாரக் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"மன்னிச்சுக்குங்கக்கா. மூஞ்சி எரிஞ்சு போச்சுங்க."

"அவரில்லீங்க தம்பி" என்றாள். "ஓடயில அவராட்டமே இருந்துச்சு. நிறுத்திப் பாக்கையிலதான் தெரிஞ்சுது. நிறுத்தாமயே உட்டிருக்கலாமுங்க."

திட்டவில்லை. நிறுத்தச் சொன்னது தான்தான் என்பதை அவள் மறக்கவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அடுத்த வாரம் வேறு யுத்தப் படம் வந்தது, அதிலும் வரிசை வரிசையாகச் சிப்பாய்கள். துவாரம் வழியாக மணலைப் பார்த்தேன், அவள் வரவில்லை. பிறகு எந்த வாரமும் வரவில்லை. சண்டை முடிந்து, வந்தவர்கள் வந்தார்கள். அவள் புருஷன் வரவில்லை. செத்தார் என்று ஒரு காகிதமும் வரவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். மிஷினைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். முதலாளி போய்ச் சேர்ந்தார். அதற்கெல்லாம் நான் அழவில்லை. நான் வெட்டிப்போட்டது இரண்டு முழத் துண்டு, நாலாவது ஆள் முழுக்க அதில் இருந்தான். விளக்குமாற்றால் கூட்டி வெளியே தள்ளினேன். மறுநாள் காலை படப்பெட்டி ஓமலூருக்குப் போயிற்று.

இத்தனை வயதுக்கு மேல்தான் இது உறைக்கிறது. பாவாயி அக்காவுக்கு அவன் யாரோ. ஆனால் எவளோ ஒருத்திக்கு அவன் வீட்டுக்காரன். ஓமலூரிலோ அதற்கப்பால் எந்த ஊரிலோ, பார்த்தவர் யாரோ சொன்னதைக் கேட்டு அவளும் வந்து மணலில் உட்கார்ந்திருப்பாள். மூன்றாவது ஆள் இறங்கியதும் ஐந்தாவது ஆள் இறங்கியிருப்பான்.