கேட்காமல் விற்ற டிரைவ்

கணினிச் சாமான் கடையில் வேலை பார்க்கும் அவருக்கு அங்கே வக்கீல் என்று பெயர். வைத்தது பக்கத்துக் கவுண்டரில் கேபிள் விற்கும் பெண். கணினிக் கோப்புகளைச் சேமித்துவைக்கும் டிரைவ் வாங்க வருகிறவரைக் குறுக்கு விசாரணை செய்யாமல் அவர் கண்ணாடி அலமாரியைத் திறக்க மாட்டார்.

"எஸ்எஸ்டி ஒண்ணு, நல்லதா குடுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... போட்டு வெக்கத்தான்."

"என்னத்தைப் போடப் போறீங்க? எதுல சொருகப் போறீங்க? தினமும் எடுப்பீங்களா, இல்ல எடுத்து வெச்சுட்டு மறந்துடுவீங்களா?"

சிலர் முகம் சுளிப்பார்கள். ஒருவர், "வேலைக்கு இன்டர்வியூ போனப்ப கூட என்னை இவ்வளவு கேட்கலை சார்" என்றார். வக்கீல் அசரவில்லை. பத்தொன்பது வருடமாக அதே கவுண்டரில் நிற்கிறார். ஃபிளாப்பி விற்றார், குறுந்தகடு விற்றார், தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க் விற்றார். இப்போது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, சத்தம் போடாத, கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாத இந்த எஸ்எஸ்டி. விழுந்தால் ஒன்றும் ஆகாது என்பதை வாய்ச்சொல்லால் சொல்லாமல் கவுண்டர் உயரத்திலிருந்து தரையில் போட்டே காட்டுவார்.

பழைய குடும்பப் படங்களைப் பத்திரப்படுத்த வந்த பெரியவரிடம் விலை கூடிய எஸ்எஸ்டியை விற்க மறுத்திருக்கிறார். "அலமாரியில வெச்சுப் பூட்டப் போறீங்க. கரன்ட் காட்டாம வருஷக்கணக்கா கிடந்தா இதுக்கு ஞாபகம் போயிடலாம். உங்களுக்குப் பழைய டிஸ்க்கே போதும், ரெண்டா வாங்கிக்கோங்க." வெளியே எங்கோ பாதி விலைக்கு வாங்கி வந்த ஒரு கல்லூரிப் பையனின் டிரைவை நகத்தாலேயே நெம்பித் திறந்து, உள்ளே பசை போட்டு ஒட்டியிருந்த சுண்டுவிரல் நக அளவு மெமரி கார்டைக் காட்டியிருக்கிறார். டிவியில் மாட்டி ஆடும் புது கேம் பெட்டி வைத்திருப்பவர் வந்தால், புது விளையாட்டுகளை இதில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இதிலிருந்தே ஆட முடியாது, ஆடும்போது பெட்டிக்குள் நகர்த்தியாக வேண்டும் என்று சொல்லிவிடுவார். டிரைவ் எவ்வளவு வேகமாக இருந்தாலும் ட்ராயரில் கிடக்கும் பழைய கேபிளைச் சொருகினால் ஆமைதான் என்பதையும் சொல்வார். அப்போது மட்டும் கேபிள்காரப் பெண் அவரை நன்றியோடு பார்ப்பாள்.

கடைசியில், பில் போடுவதற்கு முன், பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒன்று சொல்வார்.

"கம்ப்யூட்டருக்கு ஒண்ணு, கேம் பெட்டிக்கு ஒண்ணு. ஒரே டிரைவை ரெண்டுலயும் மாத்தி மாத்திச் சொருகாதீங்க. கேம் பெட்டி அதைச் சேர்த்துக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்கும். பிள்ளைங்க யோசிக்காம ஆமான்னு அழுத்திடும். உள்ள இருந்த அத்தனையும் போயிடும்."

ஒன்பது வருடமாக இதை ஒரு எழுத்து மாறாமல் சொல்லி வந்தார். கேபிள்காரப் பெண் சத்தமில்லாமல் கூடவே உதட்டை அசைப்பாள்.

இதைச் சொல்லாமல் அவர் விற்றது ஒரே ஒரு டிரைவ். வாங்கியது அவருடைய தம்பி.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ஒரு பழைய லேப்டாப்பில் படம் வரைவான். அசையும் படம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம் என்று கணக்கு வைத்து, ஆறு வருடமாக, பதினோரு நிமிடப் படம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். என்ன கதை என்று அண்ணன் கேட்டதில்லை. வயதான பிறகு பிள்ளை விளையாட்டு என்று நினைத்திருந்தார்.

அப்படி நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். தம்பியின் மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "ஆறு வருஷமா பதினோரு நிமிஷம். இவன் ரிப்பேர் பண்ற லிஃப்ட் கூட இதைவிட வேகமா போகும்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். தம்பி தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனான். அதன் பிறகு எட்டு மாதம் பேச்சு இல்லை.

"உங்க தம்பிக்கு ஒரு ஃபோன் போட்டா விரல் தேஞ்சிடுமா?" என்று மனைவி கேட்டாள்.

"சின்னவன் அவன். அவன் போடட்டும்."

"நல்லா போடுவாரு. வாயைத் திறந்தது நீங்க, ஃபோன் போடறது அவரா?"

தம்பி ஃபோன் போடவில்லை. நேரில் வந்தான். ஒரு வேலை நாள், மதியம், கடையில் கூட்டம் குறைவு. கிரீஸ் படிந்த சீருடையோடு, அவருக்கு முன்னால் நின்ற இரண்டு பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றான். முறை வந்ததும் கண்ணாடி மேல் இரண்டு கையையும் வைத்து, சிரித்துக்கொண்டே, "சார், ஒரு டிரைவ் வேணும் சார்" என்றான்.

விளையாட்டுக்குச் சொன்னான் என்பது அவருக்கும் தெரிந்தது. சிரிப்பு பாதி வரை வந்தது. எட்டு மாதம் கழித்து வருகிறவனுக்கு அண்ணா என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லையா என்று உள்ளே ஏதோ ஒன்று முறுக்கிக்கொண்டது.

"சொல்லுங்க சார்" என்றார்.

தம்பியின் சிரிப்பு அப்படியே நின்றது. கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"கம்ப்யூட்டருக்கும் வேணும். பாப்பாவோட கேம் பெட்டிக்கும் வேணும். எது எடுக்கலாம்?"

மற்றவர்களிடம் கேட்பது போல எதையும் அவர் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே நல்லதை எடுத்து வைத்தார். நல்லதைத்தான் கொடுத்தார். பிற்பாடு எத்தனையோ முறை தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சமாதானம் இது.

"இது வேகமானது. மூணு வருஷ வாரண்டி."

"படம் முடிஞ்சுது" என்றான் தம்பி. "படத்தோட சத்தம் மட்டும் கொஞ்சம் சரி பண்ணணும். லேப்டாப் உள்ள கரகரன்னு ஒரு சத்தம். அதான் இதுல ஏத்தி வெச்சுட்டு..."

"அப்படியா" என்றார். "பில் அந்தக் கவுண்டர்ல."

தம்பி இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவர் குனிந்து அலமாரியைப் பூட்டினார். ஏற்கெனவே பூட்டியிருந்த அலமாரி. நிமிர்ந்தபோது தம்பி பில் கவுண்டருக்குப் போய்விட்டிருந்தான்.

"என்ன வக்கீல் சார், இந்த ஆளுக்கு மட்டும் விசாரணை இல்லாமலே தீர்ப்பா?" என்றாள் கேபிள்காரப் பெண்.

"எல்லாம் தெரிஞ்ச ஆளு."

அன்று வீடு திரும்பும் பேருந்தில் ஃபோனைக் கையில் எடுத்தார். ஒரு வரி அனுப்பினால் போதும்: கேம் பெட்டியில் சொருகாதே. தம்பியின் எண்ணைத் தேடிப் பிடித்து, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வேணும்னா அவனே கேட்கட்டும் என்று பையில் போட்டுக்கொண்டார். எப்படியும் இன்னொரு பிரதி வைத்திருப்பான், ஆறு வருட வேலையை ஒரே இடத்தில் வைக்க அவன் என்ன மடையனா என்றும் நினைத்தார்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பியின் எண்ணிலிருந்து ஃபோன் வந்தது. எடுத்ததும், "அண்ணா" என்றான். அந்த வார்த்தைக்காகத்தான் அவர் பத்து மாதம் காத்திருந்தார்.

"அண்ணா, கடையிலதானே இருக்கே? அந்த டிரைவ்ல ஏதோ ஆயிடுச்சு. பாப்பா கேம் பெட்டியில சொருகியிருக்கா. என்னமோ கேட்டுச்சாம், சரின்னு அழுத்தியிருக்கா. இப்ப லேப்டாப்ல போட்டா ஒண்ணுமே இல்ல. நீ பார்த்தா எடுத்துடுவே இல்ல?"

"பழைய லேப்டாப்ல இருக்குமே?"

"அதைப் புதுசுக்கு எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேண்ணா. குடுக்கறதுக்கு முன்னாடி சுத்தமா அழிச்சுட்டுத்தான் குடுக்கணும்னு நீதானே எப்பவும் சொல்லுவே. அப்படியே பண்ணினேன்."

அழிந்ததை மீட்டுத் தருகிறவர் ஒருவர் அதே கட்டடத்தின் மேல் மாடியில் இருந்தார். தம்பியை அழைத்துக்கொண்டு போனார். அந்த மனிதர் டிரைவைத் தன் கணினியில் பொருத்திக் கால் மணி நேரம் திரையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பழைய டிஸ்க்கா இருந்தா தோண்டிப் பார்த்திருப்பேன். தட்டுல தடம் கொஞ்சமாவது கிடக்கும். இது துடைச்சா துடைச்சதுதான்." டிரைவைத் திருப்பிப் பார்த்தார். "யாரு வித்தது?"

"நான்தான்."

"நல்ல சரக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

படியில் இறங்கும்போது தம்பி முன்னால் போனான். ஒரு திருப்பத்தில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல ஒண்ணும் இல்லண்ணா. நீ இருக்கறதுலயே நல்லதைத்தான் குடுத்தே. நான்தான் கேட்டிருக்கணும்" என்றான்.

தெரிந்தே சொல்லாமல் விட்டதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் படியில் வேறு யாரும் இல்லை. அவர், "டீ சாப்பிடலாமா?" என்றார்.

சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு தம்பி தினமும் ஃபோன் செய்தான். வேலையைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, மாமனாரின் அலட்டலைப் பற்றி. படத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "பார்த்தீங்களா, ரத்தம் ரத்தம்தான்" என்று மனைவி சந்தோஷப்பட்டாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் பெட்டியின் மேல் கை வைத்து அந்த எச்சரிக்கையைச் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். மீதியைக் கேபிள்காரப் பெண் முடித்துவைத்தாள்.

ஒரு மாதம் போனது. தம்பி மனைவி ஃபோனில் கூப்பிட்டாள்.

"மாமா, நீங்க ஒரு தடவை வந்து பாப்பாகிட்ட பேசுங்க. கேம் பெட்டியைத் துணி சுத்தி அலமாரிக்கு மேல தூக்கி வெச்சுட்டா. அப்பா ஆறு வருஷம் போட்டதை நான் ஒரு பட்டன்ல முடிச்சுட்டேன்னு சொல்றா. பதினோரு வயசுக்கு இது பேசற பேச்சா? அவர் ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாலாவது அழுது தீர்த்திருப்பா. டிரைவ் விஷயம் எல்லாம் தெரிஞ்சவர் நீங்க. நீங்க சொன்னா கேட்பா."

ஞாயிற்றுக்கிழமை காலை போனார். கூடத்தில் தம்பி சீருடைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். "வாண்ணா, உக்காரு, இன்னும் ரெண்டு சட்டைதான்" என்றான். தம்பியின் மகள் சோபாவின் ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அவர் போய் எதிரில் உட்கார்ந்தார்.

"பாப்பா, நான் ஒண்ணு சொல்றேன். என் கடைக்கு ஒரு நாளைக்கு இருபது பேர் வருவாங்க. இருபது பேருக்கும் ஒண்ணு சொல்லி அனுப்புவேன். கேம் பெட்டியில சொருகினா உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சுடும்னு. தெரியாம அழுத்தறவங்க மேல தப்பே கிடையாது. தெரிஞ்சவங்கதான் சொல்லணும்."

"அப்பாவுக்குச் சொன்னீங்களா பெரியப்பா?"

"இல்ல."

"மறந்துட்டீங்களா?"

அவள் அவருக்காகவே எடுத்துக் கொடுத்தது போல இருந்தது அந்தக் கேள்வி. ஆமாம் என்றால் எல்லாம் சரியாகப் போய்விடும். குழந்தைக்கும் நிம்மதி, தம்பிக்கும் மனஸ்தாபம் இல்லை. இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேல் போய் வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மறக்கலை" என்றார். "நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. உங்கப்பா மேல கோபம். அதனால சொல்லலை."

சத்தம் நின்றது. தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். ஒயரைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

"அன்னைக்கு டிரைவ் வாங்கவா அவ்வளவு தூரம் வந்தேன்?" என்றான், அவரைப் பார்க்காமல். "அது எங்க தெருவுலயே விக்கறான். லேப்டாப்பை வண்டியில வெச்சு எடுத்துட்டு வந்திருந்தேன். உனக்குச் சாப்பாட்டு நேரம் ஆனதும் எங்கயாவது உக்காந்து காட்டலாம்னு. முதல்ல நீதான் பார்க்கணும்னு இருந்துச்சு."

அவர் எழுந்தார். என்ன சொல்வதற்காக எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. தம்பி சட்டைகளை நாற்காலியில் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டான். அங்கே அவன் மனைவி என்னவோ கேட்டதும் குழாய் திறந்ததும் காதில் விழுந்தது. அவர் திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

"நீ அந்தப் படத்தைப் பார்த்திருக்கியா பாப்பா?"

"ரெண்டு தடவை."

"என்ன கதை?"

அவள் சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் காலை இறக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு லிஃப்ட் இருக்கும் பெரியப்பா. அதுக்கு உயரம்னா பயம். மூணாவது மாடி வரைக்கும் போகும். அதுக்கு மேல கூப்பிட்டா கதவை இறுக்கி மூடிக்கும். நடுங்கும். எல்லாரும் அதைத் திட்டுவாங்க, உதைப்பாங்க. அப்புறம் ஒரு மெக்கானிக் வருவாரு. அப்பா மாதிரியே இருப்பாரு, மூக்கு மட்டும் இவ்வளவு பெரிசு. அவர் ஸ்பேனரை எடுக்கவே மாட்டாரு. உள்ள போயி தரையில உக்காந்துக்கிட்டு லிஃப்ட்கிட்ட பேசுவாரு."

"என்ன பேசுவாரு?"

அவள் வாயைத் திறந்தாள். யோசித்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"ஞாபகம் வரலை பெரியப்பா. அதுதான் ரொம்ப நல்லா இருக்கும். ரெண்டு தடவையும் எனக்கு அழுகை வந்துச்சு." சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அப்பா! மெக்கானிக் லிஃப்ட்கிட்ட என்னப்பா சொல்லுவாரு?"

உள்ளே குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா!"

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். குழாயை யாரும் மூடவில்லை.

"சரி, அதை விட்டுட்டு அடுத்ததைச் சொல்றேன்" என்றாள் அவள்.