நான் ரிஜெக்ட் செய்த கப்பல்

ஆள்குறைப்பில் கம்பெனி என் கணவரை நிறுத்திவிட்டது. பாகலூர் வீட்டில் மாதக்கணக்கில் பேசாமல் கிடந்தவர், ஒருநாள் மரத்தில் சின்னதாக ஒரு கப்பல் செய்ய ஆரம்பித்தார். மெல்லிய மரக்கீற்றுகளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, விலா எலும்பு மாதிரி நின்ற சட்டங்கள்மேல் ஒவ்வொன்றாக ஒட்டுவார். முகத்தில் மறுபடி உயிர் வந்தது.

நான் வேறொரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். அன்றைக்கு ஷிப்ட் முடிந்து களைத்து வந்தவளிடம், "இந்தா, பாரேன்" என்று ஆசையாக நீட்டினார். பழக்கதோஷம், ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.

"ஒரு பக்கம் கோணலா இருக்குதுங்க. எங்க லைன்ல இது ரிஜெக்ட்."

"என்னையும் அப்படித்தான் சொன்னாங்க" என்றவர், பசை பாட்டிலை மூடிவைத்தார். பிறகு திறக்கவேயில்லை.

பாதி ஒட்டிய கப்பல் அலமாரிமேல் இருக்கிறது. அவர் தூங்கும்போது எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். அந்தக் கோணல்தான் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது.