கேடி முப்பத்தேழின் சொந்த அட்டை

ஃபிளோரா கோல்ஃபில் ஜெயித்த பொருள்கள் இவை. 2003இல் ஒரு குடை. அன்று அவள் காலில் இருந்தது ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போட்டுக்கொண்டு போன பழைய ரப்பர் பூட்ஸ். 2007இல் ஒரு சுடுதண்ணீர் ஃபிளாஸ்க்; பையிலிருந்த ஏழு கட்டைகளும் ஏழு பேர் வேண்டாமென்று போட்டவை. 2011இல் அரிசி குக்கர். முந்தின வாரம்தான் டெங்கியில் படுத்து எழுந்திருந்தாள். 2016இல் மேசை விசிறி. பதினெட்டுக் குழியும் மழையில், எதிரே பதினோரு ஆண் கேடிகள். 2019இல் மறுபடியும் ஒரு குடை. முதல் குடை அப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

எல்லாம் திங்கட்கிழமைகளில் ஜெயித்தவை. மலேசியாவில் மந்தினுக்கும் நீலாய்க்கும் நடுவே, முன்பு ரப்பர் நின்ற மேட்டில் இருக்கிறது அந்தக் கோல்ஃப் கிளப். திங்களன்று உறுப்பினர்கள் வரமாட்டார்கள். மற்ற நாளெல்லாம் அவர்களுடைய பைகளைத் தூக்கி நடக்கிற கேடிகள் அன்று தங்களுக்குள் ஆடிக்கொள்ளலாம். அந்த ஆட்டத்துக்கு, அடிகளைக் குறிக்கிற அட்டை கிடையாது. கேடிகளில் ஒருவனான குணாளன் சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் உட்புறத்தில் எண்களைக் குறிப்பான். பரிசைக் கொடுத்ததும் கசக்கி எறிந்துவிடுவான்.

ஃபிளோராவுக்கு வேண்டியிருந்தது ஓர் அட்டை. கிளப் முத்திரை போட்ட தடித்த அட்டை. மேலே அவள் பெயர், கீழே பதினெட்டுக் கட்டத்திலும் எண்கள், ஒன்றுகூட வெறுமையாக இல்லாமல். இருபத்தாறு ஆண்டுகளாக மற்றவர்களின் அட்டையில் பென்சிலால் எண் போட்டுப் போட்டு அந்த ஆசை அவளுக்குள் ஊறிப் போயிருந்தது. கிளப்பில் அவளுக்குப் பெயரே இல்லை. காலையில் ஒலிபெருக்கியில் "தர்ட்டி செவன்" என்பார்கள், அவள் போய் நிற்பாள்.

2023இல்தான் ஆண்டுப் போட்டியில் கேடிகளும் சேரலாம் என்று கிளப் அறிவித்தது. பெண்கள் பிரிவுக்கு முதலில் பெயர் கொடுத்தது அவள்தான். பதின்மூன்று குழிவரைக்கும் நன்றாக ஆடினாள். பதினாலாவதில் குளம்.

அந்தக் குளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெண்கள் நின்று அடிக்கிற மேடையிலிருந்து அக்கரைக்கு நூற்று முப்பத்திரண்டு மீட்டர் என்று தகட்டில் எழுதியிருக்கும். பந்து காற்றிலேயே போய்ச் சேர வேண்டும். ஓடிச் சேர வழியில்லை. எத்தனையோ பேருடைய பந்துகள் அதைத் தாண்டிப் போவதை அவள் மேடையின் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு குளத்தைச் சுற்றியிருக்கிற செம்மண் பாதையில் நடந்து, அந்தப் பந்துகள் கிடக்கும் இடத்துக்குப் போயிருக்கிறாள். அந்தப் பாதையில் ஒரு நாளாவது தன் பந்தைத் தேடிக்கொண்டு நடக்கவேண்டும் என்றிருக்கும்.

அன்று அவளிடம் நாலு பந்து இருந்தது. நாலும் தண்ணீருக்குள் போயின. ஐந்தாவது பந்து இல்லாததால் பதினாலாம் கட்டம் வெறுமையாகவே நின்றது. கட்டம் நிரம்பாத அட்டையைக் கிளப் வாங்காது. அவள் அதை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஐந்து மணிக்கு வேறொருவரின் பையைத் தூக்கப் போய்விட்டாள்.

குறை அவள் கையில் இல்லை, கட்டையில் இருந்தது. முதல் அடிக்கு எடுக்கிற நீளமான கட்டைக்கு டிரைவர் என்று பெயர். அதன் முகம் எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பதை டிகிரியில் அடியில் பொறித்திருப்பார்கள். எண் ஏற ஏற முகம் வானத்தைப் பார்க்கும், பந்து உயரப் போகும். வேகமாக அடிக்கிற ஆளுக்குக் குறைந்த எண்ணே போதும். இது ஃபிளோராவுக்குத் தெரியாததா? ஓர் ஆள் இரண்டு தடவை வீசிக் காட்டினால், "பத்தரை போடுங்க டத்தோ, இது உங்களுக்கு ஆகாது" என்று டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதரிடமே சொல்லிவிடுவாள், சொன்னபடியே இருக்கும். ஆனால் அவளுடைய பையில் இருந்தது ஒன்பது. கேடிகள் கொட்டகையில் அந்த எண்களுக்கு வேறு கணக்கு உண்டு. ஒன்பது வீரன் கட்டை, பத்தரை மாப்பிள்ளை கட்டை, பன்னிரண்டு ஆன்ட்டி கட்டை. ஒன்பதை வைத்திருக்கிற ஒரே பெண் அவள்தான். திங்கட்கிழமைக் காய்ந்த தரையில் அந்தக் கட்டை அடித்த பந்து தாழப் போய் விழுந்து, குதித்துக் குதித்து நெடுந்தூரம் ஓடும். விசிறியும் குக்கரும் அப்படி வந்தவைதான்.

2024 ஜூலையில் ஒரு நாள், ஓய்வு பெற்ற டாக்டரம்மா ஒருவருக்கு அவள் பன்னிரண்டரை எடுத்துக் கொடுத்ததைக் குணாளன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊருக்கெல்லாம் நல்லா மருந்து எழுதிக் குடுக்கிறீங்க. உங்க பையில என்னாக்கா இருக்கு? டத்தோ தூக்கிப் போட்ட ஒம்போது!"

"ஒம்போதுக்கு என்னா கொறச்சல்? வாய மூடு லா."

"கொறச்சல் ஒன்னும் இல்ல. கொளத்து மீனுக்குத்தான் தலையில அடி விழுது."

கொட்டகையே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் மறுநாளே நீலாய்க்கு ரயிலேறிவிட்டாள்.

அங்கே பந்தடிக்கும் பயிற்சித் திடலோடு சேர்ந்து யோகேந்திரன் ஒரு கட்டைக் கடை வைத்திருந்தான். வலையைப் பார்த்து அவளை அடிக்கச் சொல்லி, இயந்திரத்தின் திரையைக் காட்டினான்.

"வீச்சு ரொம்ப அழகு ஆன்ட்டி. வேகந்தான் கம்மி. பன்னெண்டு போட்டுப் பாக்கலாமா?"

போட்டுப் பார்த்தாள். "மொத்தம் எவ்ளோ?"

"ஒம்போதுல நூத்தி எழுவத்தொன்னு. பன்னெண்டுல நூத்தி அறுவத்து மூனு."

"எட்டு மீட்டர் போச்சே!"

"அது ஓடி நிக்கிற எடம் ஆன்ட்டி. விழற எடத்தப் பாருங்க. அதுல பன்னெண்டுதான் முன்னுக்கு நிக்குது."

"ரூமுக்குள்ள வலையில அடிச்சிட்டு, விழற எடம் இதுன்னு மெஷின் சொன்னா நான் நம்பணுமா?"

யோகேந்திரன் கோபித்துக்கொள்ளவில்லை. பழைய பன்னிரண்டு டிகிரி டிரைவர் ஒன்றை உறையில் போட்டு, "ஒரு வாரம் வெச்சிருங்க. வெளிய அடிச்சுப் பாத்துட்டு என்னைத் திட்டுங்க," என்று கொடுத்தான்.

அடுத்த திங்கள் காலை அவளுடைய அண்ணன் யாகப்பன் லிங்கியிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளப்புக்கு வந்தார். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உரக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். உரச் சாக்கைக் கிழித்து எண்பது துண்டு செய்து, நாற்பதுக்குச் சிவப்புச் சாயம் அடித்துக் குச்சிகளில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். சிவப்பு, பந்து விழுகிற இடத்துக்கு. வெள்ளை, நிற்கிற இடத்துக்கு. ஒவ்வொரு கட்டைக்கும் இருபது பந்து. தங்கை அடிக்க, அவர் புல்வெளியில் அளவு நாடாவோடு நடந்தார்.

"எவ்ளோண்ணே அது? சுமாரா சொல்லு."

"சுமாரெல்லாம் எங்கிட்ட கெடையாது. நீ பேசாம அடி."

"வெயிலு மண்டையப் பொளக்குது."

"எனக்கு மட்டும் மழையா பெய்யிது?"

பத்து மணிக்கு நாற்பது பந்தும் முடிந்தன. ஃபிளோரா மேடையை விட்டு இறங்கி நடந்து போனாள். வெள்ளைத் துணிகள் இரண்டு கட்டைக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நின்றன. ஒன்பதின் வெள்ளை கொஞ்சம் முன்னே. சிவப்புத்தான் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றது. ஒன்பதின் சிவப்பு நூற்றுப் பதினெட்டை ஒட்டி. பன்னிரண்டின் சிவப்பு நூற்று நாற்பத்தொன்றை ஒட்டி.

முதல் கூட்டத்துக்கு நடுவில் அவள் நின்றுவிட்டாள்.

"பதினாலாவதுல இங்கெல்லாம் தண்ணிண்ணே," என்றாள். "இத்தன வருஷமா நான் பந்து ஓடி நிக்கிற எடத்தையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

யாகப்பன் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுறப்ப, வெதை மரத்துக்கு ஒரு சாய்வு, ஒட்டு மரத்துக்கு ஒரு சாய்வு," என்று அவளே தொடர்ந்தாள். "கங்காணி மண்டோரு தகர அச்ச வெச்சுத்தான் கோடு போட்டுக் குடுப்பாரு. நான் பெரிய வெட்டுக்காரின்னு என் இஷ்டத்துக்குக் கோடு போட்டேனா? போட்டிருந்தா பாலு பட்டையில வழிஞ்சு மண்ணுக்குப் போயிருக்கும். பதினாலு வயசுல தெரிஞ்சது இப்ப ஏன் தெரியாமப் போச்சு?"

"தெரியாம ஒன்னும் இல்ல. ஒனக்கு ரோசம்."

"ஒம்போதக் கையில புடிச்சா நான் பெரிய ஆளு மாதிரி இருக்கும்ண்ணே," என்றாள்.

குச்சிகளைப் பிடுங்கிக் கட்டும்போது இன்னொன்றையும் சொன்னாள். அட்டையின் அடியில் ஒரு கோடு இருக்கிறது. ஆடியவர் அதில் கையெழுத்துப் போடாவிட்டால் பதினெட்டுக் கட்டமும் நிரம்பியிருந்தாலும் அட்டை செல்லாது. "சைன் பண்ணுங்க டத்தோ, சைன் பண்ணுங்க டத்தோன்னு ஆயிரம் பேருக்கு நான்தான் ஞாபகப்படுத்தியிருக்கேன்."

யாகப்பனுக்குப் புரிந்தது. அவர் ஆறாம் வகுப்புவரை படித்தவர். ஃபிளோரா தோட்டப் பள்ளிக்கு நாற்பது நாள் போனாள். அம்மாவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையில் ஆள் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை வீட்டில் நின்றுவிட்டாள். எண்களை ரப்பர் மர வரிசையில் மரம் எண்ணியும் பாலை எடை போட்டும் கற்றுக்கொண்டாள். எழுத்து வரவில்லை. அடையாள அட்டை, வங்கி, சம்பளம் எல்லாவற்றுக்கும் பெருவிரல்தான்.

ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, சாக்குக்குக் குறி போடுகிற மைப்பேனாவால் அவள் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதினார். அவருக்குத் திடமாக வருகிற எழுத்து அதுதான். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா நானு?" என்றாள்.

அந்தப் பன்னிரண்டை யோகேந்திரனிடம் விலைக்கே வாங்கிக்கொண்டாள். மூன்று வாரம் மணல் குழிகளில் பெயரை எழுதிப் பழகினாள். உறுப்பினர் அடித்துவிட்டுப் போனதும் மணலைச் சமப்படுத்துவது கேடியின் வேலை. மணல் வாரியின் காம்பால் எழுதுவாள், பார்ப்பாள், வாரியின் பல்லால் இழுத்து அழித்துவிட்டு ஓடுவாள். "முப்பத்தேழு, அங்க என்ன பண்றே?" என்று யாராவது கத்துவார்கள்.

அந்த வருட ஆண்டுப் போட்டியன்று குணாளன் தானாகவே வந்து அவள் பையைத் தூக்கிக்கொண்டான். "எட்டு மீட்டர் கொறச்சலா அடிக்கிற ஆன்ட்டிக்குப் பையி தூக்குறேன் பாரு, என் தலையெழுத்து," என்று புலம்பிக்கொண்டே வந்தான். உண்மையில் குறையத்தான் செய்தது. காய்ந்த தரைக் குழிகளில் முன்பு எட்டிய இடத்தை அவளால் எட்ட முடியவில்லை. ஏழாவதில் ஒன்று, பதினொன்றில் ஒன்று என்று அடிகள் கூடின. ஒரு தடவைகூட அவள் பழைய கட்டையைப் பற்றிப் பேசவில்லை.

பதினாலாவதில் குணாளன் பன்னிரண்டை உறையிலிருந்து உருவிக் கொடுத்தான். தண்ணீரில் பட்ட வெயிலில் கண் கூசியது. அவள் எப்போதும் போல மெதுவாகத்தான் வீசினாள். பந்து ஏறியது. ஒன்பதில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மிக உயரமாக, எங்கேயும் போகாமல் மேலே மட்டும் போவதுபோல இருந்தது. பிறகு இறங்கியது. தண்ணீரில் வட்டம் எழவில்லை.

"அக்கரையில லா! அக்கரையில!" குணாளன் பையோடு குதித்ததில் கட்டைகள் கலகலத்தன.

ஃபிளோரா குளத்தைச் சுற்றிய பாதையில் நடந்தாள். வேகமாக நடக்கவில்லை. குணாளன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, "என்னாக்கா, கால் வலியா?" என்று கேட்டான். "இல்ல. நீ முன்னுக்குப் போ," என்றாள். பந்து புல்லில் வெள்ளையாகக் கிடந்தது. அந்தக் குழியை ஆறு அடியில் முடித்து, கட்டத்தில் ஆறு என்று போடச் சொன்னாள். மீதி நாலு கட்டமும் நிரம்பின. மொத்தம் நூற்று நாலு. பெண்கள் பதினாலு பேரில் பதினோராவது இடம்.

கூடாரத்தில் அட்டை வாங்க உட்கார்ந்திருந்தவர் சத்தியசீலன். அலுவலகத்தில் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறவரும் அவர்தான். அட்டையைக் கூட்டிச் சரிபார்த்தார். கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மேசையடியிலிருந்து மைப்பெட்டியை எடுத்து மெதுவாக அவள் பக்கம் தள்ளினார்.

"பெருவிரல் போதும்மா. கமிட்டிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். பின்னால் நாலு பெண்கள் அட்டையோடு நின்றார்கள். ஃபிளோரா கையைச் சட்டையில் துடைத்தாள்.

"வேணாம் சார். பேனா குடுங்க. கொஞ்சம் நேரமாகும்."

நேரமாகத்தான் செய்தது. பின்னால் யாரோ மலாயில் என்னவென்று கேட்க, குணாளன் "துங்கு செகெஜாப் லா, கொஞ்சம் பொறுங்க," என்று அதட்டினான். கடைசித் துணைக்காலை இழுத்தபோது பேனா கோட்டைத் தாண்டி, கிளப் முத்திரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. சத்தியசீலன் அட்டையைத் தன் பக்கம் திருப்பி, வாய்விட்டு வாசித்தார்: "ஃபிளோரா." பிறகு அதற்குக் கீழே, எல்லா அட்டைக்கும் எழுதுவதைப் போலவே, அன்றைய தேதியை எழுதினார்.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை.