எதிர்க்கரையில் ஒரு வெள்ளைக் குடை

பல் செட் செய்யும் அந்த லேபில் எல்லாரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே மற்றவர்கள் செய்வதும் பல்தான். ஆனாலும் பட்டம் அவளுக்குத்தான் வாய்த்தது. வேகமாகச் சொன்னால் பல்லக்கு என்று காதில் விழும். பல்லக்குக்கு உண்டான பந்தா எதுவும் அவளிடம் கிடையாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம்.

பீங்கான் பல்லுக்கு நிறம் சேர்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. டாக்டர் அனுப்பும் சீட்டில் நிறத்தின் எண் இருக்கும். அவள் அந்த எண்ணை நம்பமாட்டாள். முடிந்தால் ஆளையே வரச்சொல்லி ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்துப் பல்லை உற்றுப் பார்ப்பாள். ஈறோரம் கொஞ்சம் மஞ்சள், நுனியில் சாம்பல் கலந்த நீலம். வெள்ளைப் பல் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்பாள். அன்றைய நாளுக்கு அவள் பேசும் பேச்சு அநேகமாக அவ்வளவாகத்தான் இருக்கும்.

இப்போது வயது நாற்பத்தேழு. கல்யாணம் தட்டிக்கொண்டே போய், கடைசியில் அந்தப் பேச்சையே எல்லாரும் விட்டுவிட்டார்கள். கீழ்வீட்டில் தம்பியும் அவன் மனைவியும். மாடியில் இரண்டு அறைகளில் அவளும் அம்மாவும். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்காக அவள் தன் விடுமுறையைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றி வாங்கினாள். எட்டு வருஷம் அப்படியே ஓடிற்று. அம்மா போன பிறகும் செவ்வாய்க்கிழமை அவளிடமே தங்கிவிட்டது.

முதல் செவ்வாய், வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அதே பஸ்ஸில் ஏறினாள். ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. அங்கே இறங்கி என்ன செய்ய? உட்கார்ந்தே இருந்தாள். பஸ் கடைசி நிறுத்தத்தில் போய் நின்றது. எதிரே ஏரி.

மறுவாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும். பத்து நிமிஷத்துக்கு ஒரு நிறமாகத் தண்ணீர் மாறுவதைப் பார்க்கப் பார்க்கத் தொழில் புத்தி தலைதூக்கியது. இதை எந்த எண்ணில் சேர்ப்பது? இரண்டு மாதத்துக்குள் ஆயில் பெயின்ட் ட்யூப்கள், தூரிகைகள், பலகையைத் தாங்கும் மூன்றுகால் சட்டம், மடக்கு ஸ்டூல், ஒரு பெரிய குடை எல்லாம் வாங்கிவிட்டாள். சொல்லித்தர யாரும் இல்லை. பச்சையை ட்யூபிலிருந்து அப்படியே எடுத்துப் பூசியதில் மரங்களெல்லாம் பிளாஸ்டிக் வாளி நிறத்தில் நின்றன. துளி சிவப்பைக் கலந்தால் அந்தப் பச்சை அடங்கும் என்று கண்டுபிடிக்க நாலு பலகை பாழாயிற்று. ஈரப் படத்தில் வந்து ஒட்டும் பூச்சிகளை, மெழுகு செதுக்கும் லேப் ஊசியால் அலுங்காமல் எடுப்பாள்.

"அண்ணி, மாடிப்படி ஏறினாலே பெட்ரோல் பங்க்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்பாள் தம்பி மனைவி. பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் வாடைக்குப் பயந்தே அவள் மாடிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். முடிந்த படங்கள் கட்டிலுக்கடியில் போயின. கட்டில் நிரம்பிப் பரணுக்கும் ஏறின.

ஒன்பது வருஷம் கழித்து, ஒரு செவ்வாய் காலையில், எதிர்க்கரையில் ஒரு வெள்ளைக் குடை விரிந்திருப்பதைப் பார்த்தாள்.

குடைக்குக் கீழே மூன்று காலில் ஏதோ நின்றது. அதன் பின்னால் ஒரு ஆள். குனிந்தான், நிமிர்ந்தான், நாலடி பின்னால் போய்ப் பார்த்தான், மறுபடி வந்து குனிந்தான். அவளுக்குப் பகீரென்றது. தான் செய்வதும் அதுவேதான். அதை யாராவது பார்த்தால் எப்படி இருக்கும் என்று அதுவரை அவள் யோசித்ததே இல்லை.

அடுத்த செவ்வாயும் குடை இருந்தது. அவள் தன் படத்தின் எதிர்க்கரையில் வெள்ளையாக ஒரு புள்ளி வைத்தாள், அதற்கடியில் பழுப்பில் ஒரு சின்னக் கோடு. அங்கிருந்து அந்த ஆளும் இந்தக் கரையைத்தானே வரைவான்? அப்படியானால் அவனுடைய படத்தில் தானும் ஒரு புள்ளியாக இருக்கவேண்டும். லேபில் பல்லுக்கு மெருகேற்றும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்தது. என்ன நிறத்தில் வைத்திருப்பான்? அவள் குடை கறுப்பு. தூரத்துக்கு அது கறுப்பாகத் தெரியாது. ஊதா கலந்த சாம்பலாகத்தான் தெரியும். அது அவனுக்குத் தெரியுமா என்று கவலைப்பட்டாள்.

நாலாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல். திங்கள் சாயங்காலம் படுத்தவள் புதன்கிழமை மத்தியானம்தான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். தம்பி மனைவி பதறிப்போனாள். "ஐயோ அண்ணி, ஒரு குரல் குடுக்கக் கூடாதா? ஏரிக்குப் போயிருப்பீங்கன்னுல்ல நெனச்சோம்." கஞ்சி வைத்துக் கொடுத்தாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை அவள் வீட்டில் இருக்கமாட்டாள் என்பது ஊரறிந்த விஷயம்.

ஆறாவது வாரம் மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். குடையையும் ஸ்டூலையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஈரப் பலகையை மட்டும் ஓரத்தில் பிடித்தபடி ஏரியைச் சுற்றி நடந்தாள். நாலு கிலோமீட்டர் இருக்கும். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். எந்த நீலம் வாங்குகிறீர்கள் என்று கேட்கலாம்.

கிட்டே போனதும் கால் தயங்கியது. குடைக்கடியில் நின்றது சர்வே கருவி. அதற்கப்பால் மண்ணில் வரிசையாகச் சிவப்புத் தலை வைத்த மர முளைகள். அளவுக்கோல் பிடிக்கிறவர் மரத்தடியில் துண்டால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்.

சர்வேயருக்கு அவள் வயதுதான் இருக்கும். அவளையும் கையிலிருந்த பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட, நீங்க அந்தக் கரை மேடம்தானே? படம் வரையறவங்களா? நான் இத்தனை நாளும் வேற டிபார்ட்மென்ட் ஆளு, நமக்குப் போட்டியா அளக்குறாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் உங்களை ஓவியர்னு நெனச்சேன்" என்றாள்.

"ஒரு நேர்கோடு போடச் சொன்னாக்கூட எனக்கு மெஷின் வேணும்." படத்தைக் குனிந்து பார்த்தார். "இந்த வெள்ளை நம்ம குடையா? அப்ப இது நானா?"

"ஆமா."

"நல்லா நிமிர்ந்து நிக்கிற மாதிரி போட்டிருக்கீங்க. முதுகு கூன் போட்டுக் கெடக்கேன், பொண்டாட்டிகிட்டக் காட்டினா நம்பமாட்டா."

முளைகளைப் பற்றிக் கேட்டாள். கரையோரமாகச் சாலை வரப்போகிறதாம். பேசிக்கொண்டே கருவியைத் துடைத்தவர், தற்செயலாகச் சொன்னார்: "நடுவுல ஒரு செவ்வாய் உங்களைக் காணோமே. உடம்புகிடம்பு சரியில்லையோன்னு நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம்."

பலகையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, "லேசாக் காய்ச்சல்" என்றாள்.

"பாக்குறீங்களா?" என்று கருவியைத் திருப்பி வைத்தார். கண்ணை வைத்தாள். அவளுடைய ஸ்டூல் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. குடைத்துணியில் கிழிசல் தைத்த நூல்கூடத் தெரிந்தது. ஆள் மட்டும் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவசரப்படுத்தவில்லை.

படத்தை அவருக்கே கொடுக்க நினைத்தாள். காய இன்னும் பத்து நாளாகும். அவருக்கு வெள்ளிக்கிழமையோடு இங்கே வேலை முடிகிறது. அடுத்து வேறு ஊர். "இருக்கட்டும் மேடம், உங்ககிட்டயே பத்திரமா இருக்கும்" என்றார். இருவரும் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்கலாம் என்று திரும்பி நடக்கும்போது பாதி வழியில்தான் தோன்றியது.

அடுத்த செவ்வாய் எதிர்க்கரையில் முளைகள் மட்டும் இருந்திருக்க வேண்டும். இங்கிருந்து அவை தெரியவில்லை. கை தன்பாட்டில் வெள்ளையை எடுத்து வைத்துவிட்டது. கத்தியால் அதைச் சுரண்டி எடுத்தாள். சுரண்டிய இடம் தண்ணீர் நிறத்தில் சேராமல் அழுக்காக நின்றது. அன்று சீக்கிரமே பஸ் ஏறிவிட்டாள்.

கீழ்வீட்டில் தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பல்லக்கா வாசலிலேயே நின்றாள். "செவ்வாய்க்கிழமையில ஒரு தடவ மேல வந்து எட்டிப் பாத்துட்டுப் போறியா?"

"ஏன் அண்ணி, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

இதைக் கேட்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. நாற்பத்தேழு வயதில் முதல்முறையாகத் தனக்கென்று ஒருவரிடம் ஒன்றைக் கேட்கிறாள்.

மறுவாரம் ஏரியிலிருந்து வந்து படியேறும்போது, கீழிருந்து குரல் வந்தது. "அண்ணி, பத்து மணிக்கு மேல வந்து பாத்தேன். பூட்டியிருந்துச்சு. சரி, ஏரிக்குத்தான் போயிருப்பீங்கன்னு எறங்கிட்டேன்."

"ஆமா, ஏரிக்குத்தான் போனேன்" என்றாள் அவள். ஈரப் பலகை சுவரில் படாமல் பார்த்துக்கொண்டு, மெதுவாக மேலே ஏறினாள்.