பள்ளிக்கூட வயது

எனக்கு வயதில் இரண்டு கணக்கு இருந்தது. ஒன்று வீட்டு வயது, இன்னொன்று பள்ளிக்கூட வயது. நாமக்கல் பக்கம் எங்களைப் போலக் காடு தோட்டம் வைத்திருந்த குடும்பங்களில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஏழு வயதில் அப்பா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தலைமையாசிரியர் முன்னால் நிறுத்தினார். அவர் பிறந்த தேதி கேட்டதும் அப்பா கூச்சமே இல்லாமல் சொன்னார்.

"ரெண்டு வருசம் கொறச்சுப் போட்டுக்கங்க சார். நாளைக்கு ஒரு கவர்மெண்டு உத்தியோகத்துக்குப் போனான்னா ரெண்டு வருசம் சேத்து வேலை பாப்பானில்லீங்க."

தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதினார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்தான். அது பொய் என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, எழுதியவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் வெகுகாலம் தோன்றவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சேலத்தில் கல்லூரிக்குப் போனபோது வாலிபால்தான் எனக்குப் படிப்பு. உயரம் இருந்தது, கை நீளம் இருந்தது, வலைக்கு மேலே எம்பிப் பந்தை ஓங்கி அடிக்கத் தெரியும். மூளை கொஞ்சம் கம்மி. அந்தக் குறையை ஈடுகட்டியவன் ஜலகண்டாபுரத்துப் பையன் ஒருவன். தறிக்காரர் மகன். என்னைவிட ஒரு வகுப்பு மேலே படித்தான், என்னைவிட ஒரு சாண் குள்ளம். அடிப்பவனுக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. நான் எங்கே எம்புவேன் என்பது எனக்கே தெரியாது, பந்து மட்டும் அங்கே வந்து நிற்கும். கைதட்டல் எல்லாம் எனக்குத்தான் கிடைத்தது. அதையும் நான் உரிமையோடு வாங்கிக்கொண்டேன்.

ஒரு பொங்கலுக்கு எங்கள் ஊரில் நடந்த போட்டிக்கு அவன் வந்திருந்தான். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மா அவன் இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டே வயது விசாரித்தார். அவன் சொன்னதும் அம்மா கணக்குப் போட்டார்.

"அப்ப இவனுக்கு நீ சின்னவன் சாமி. தோட்டத்துக் கெணத்துக்கு ரெண்டாவது தடவை வெடி வெச்ச வருசம் பொறந்தவன் இவன். உன்னைவிட ஒரு வயசு மூத்தவன்."

அவன் என்னைப் பார்த்தான். வாய்க்குள் சிரிப்பு. அதுவரை வாடா போடா என்றிருந்தவன் அன்றிலிருந்து என்னை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தான். கேலிக்குத்தான். ஆனால் அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரியும்.

அடுத்த ஆண்டு ஆசிய நாடுகளின் இளையோர் போட்டிக்கு இந்திய அணித் தேர்வு நடந்தது. வடக்கே ஒரு ஊரில் முகாம். பதினெட்டுப் பேரை அழைத்திருந்தார்கள், அதில் பன்னிரண்டு பேரை எடுப்பார்கள். எங்கள் ஜில்லாவிலிருந்து நாங்கள் இருவர். சப்பாத்தியும் உருளைக்கிழங்குமாக ஒரு மாதம் ஓடியது. கடைசியில் பட்டியலை ஒட்டினார்கள். அவன் பெயர் ஆறாவதாக இருந்தது. என் பெயர் இல்லை. பட்டியலுக்குக் கீழே, யாராவது விழுந்தால் சேர்த்துக்கொள்ள ஒருவன் என்று தனியாக எழுதியிருந்தார்கள். அது நான்.

மறுநாள் சான்றிதழ்களைச் சரிபார்த்தார்கள். எல்லோரும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை நீட்டினோம். அவனுடைய அப்பா அவனைப் பள்ளியில் சேர்த்தபோது அவன் பிறந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைக் கையோடு கொண்டுபோய், அதில் இருந்த தேதியை அப்படியே எழுதச் சொன்னவர். அந்தத் தேதி வயது வரம்பைத் தாண்டியிருந்தது. ஒரு மாதம்கூட இல்லை, சில நாட்கள். அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்கள். அவனைவிட ஒரு வயது மூத்தவனான நான், அவன் வயது அதிகம் என்பதால், அவன் இடத்துக்குப் போனேன்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அணி மேலாளர் என் மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, "நீயும் இவனும் ஒரே ஊர்ப் பக்கம்தானே, இவன் வயது சரிதானா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "என் ஜூனியர் சார். ஒரு வகுப்பு கீழே படிக்கிறான்" என்றான்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மேலாளர் தலையாட்டினார். அந்த நிமிடம் வாயைத் திறந்திருக்க வேண்டியவன் நான். திறக்கவில்லை. காலில் இல்லாத சுளுக்கைத் தேய்த்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். அவனுக்குக் கொடுத்திருந்த பனியனையும் கால்சட்டையையும் மடித்து என் கட்டிலில் வைத்துவிட்டு அவன் ரயிலேறிப் போனான். பனியன் எனக்கு இறுக்கமாக இருந்தது. வேறு தைக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

போட்டி கடல் தாண்டி ஒரு வெளிநாட்டு நகரத்தில். அதற்குமுன் நான் விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன். முதல் ஆட்டத்தில் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். மூன்று செட்டும் போயிற்று. நான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தோற்றதில் எனக்கு ரகசியமாக ஒரு நிம்மதி. சீக்கிரம் தோற்றுத் திரும்பிவிட்டால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை என்று நினைத்தேன். நாட்டுக்காக ஆடப்போனவனின் நினைப்பைப் பாருங்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் பஞ்சாப் பையன் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. என்னை இறக்கினார்கள். இறங்கிய பிறகு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. பந்து மேலே வந்தால் அடித்தே தீரும். அந்த ஆட்டத்தையும் அடுத்த ஆட்டத்தையும் ஜெயித்தோம். அரையிறுதிக்கு வந்துவிட்டோம். பயிற்சியாளர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். அரையிறுதியில் நான்கு செட் போராடித் தோற்றோம். மிச்சமிருந்தது மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்.

எதிரணியில் எல்லாம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த பையன்கள். முகத்தில் பூனை மயிர். எனக்கு எதிரே நின்றவனுக்குத் தோள் எலும்பு பனியனுக்கு மேலே துருத்தியது. நான் அடித்த பந்து ஒன்று அவன் கைகளுக்கு நடுவில் புகுந்து முகத்தில் விழுந்தது. மூக்கில் ரத்தம். துடைத்துக்கொண்டு மறுபடியும் வந்து நின்றான். நான் மறுபடியும் அவன் பக்கமே அடித்தேன், ஏனென்றால் அங்கேதான் புள்ளி கிடைத்தது. கடைசி செட்டில் கடைசிப் புள்ளியும் என்னுடையதுதான். வெண்கலம்.

கை குலுக்க வரிசையாக வந்தபோது அந்தப் பையன் என்னிடம் நின்றான். மூக்கில் பஞ்சு. சிரித்தான். பாஷை தெரியாததால் தன் நெஞ்சைத் தொட்டு, பத்து விரலைக் காட்டி, பிறகு ஆறு விரலைக் காட்டினான். அடுத்து என் நெஞ்சைத் தொட்டான். அதுவரை என் வயதைப் பற்றிய பொய்யை மற்றவர்கள்தான் சொல்லியிருந்தார்கள். அப்பா சொன்னார், வாத்தியார் எழுதினார், மேலாளர் நம்பினார். இப்போது இரண்டு கையையும் நானே தூக்கினேன். முதலில் பத்து. பிறகு எட்டு. அவன் நம்பி என் தோளைத் தட்டிக்கொடுத்தான். மேடையில் மெடலைக் கழுத்தில் போட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று பயிற்சியாளர் எல்லோரிடமும் சொன்னார்.

ஊரில் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். என் மாமா சங்ககிரியில் லாரி வைத்திருந்தார். அந்த லாரிக்கு வாழைமரம் கட்டி, மேலே என்னை நிறுத்தி, சங்ககிரியிலிருந்து எங்கள் ஊர்வரை ஊர்வலம். கூட்டத்தில் பேசியவர், பதினெட்டே வயதில் இந்தச் சாதனை என்றார். அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து அதையும் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். ஜலகண்டாபுரத்துக்காரன் வந்திருந்தான். ஒரு மாலை வாங்கிவந்து வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் எனக்குப் போட்டான்.

"நல்லா ஆடுனீங்களாமா அண்ணா" என்றான்.

அதில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு உபகாரமாக இருந்திருக்கும். அடுத்த ஆள் மாலையோடு காத்திருந்ததால் கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

அந்த மெடலால் எனக்கு ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. அவன் கல்லூரியோடு ஆட்டத்தை விட்டு அப்பாவின் விசைத்தறிக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டும் நினைப்பேன். பண்டிகை, மாற்றல், கல்யாணம் என்று ஒவ்வொரு ஆண்டும் ஒரு சாக்கு இருந்தது. உண்மையில் எனக்குத் தைரியம் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேட்டூருக்கு மாற்றலாகி, பஸ் தினமும் ஜலகண்டாபுரம் வழியாகவே போக ஆரம்பித்த பிறகுதான் வேறு வழியில்லாமல் ஒரு நாள் இறங்கினேன். ஜூன் மாதம்.

கரண்ட் போயிருந்ததால் தறிகள் நின்றிருந்தன. அவன் என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தான். ஸ்டூலை வேட்டி நுனியால் துடைத்துப் போட்டான். அவனுடைய அப்பா ஓரமாக உட்கார்ந்து, நின்ற தறியில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார். எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். காபி வந்தது. நான் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டேன்.

"தம்பி, அன்னைக்கு நான் உண்மையச் சொல்லியிருக்கோணும். உன் எடத்துல நான் போயிட்டேன். மன்னிச்சுக்கோ."

அவன் சங்கடப்பட்டான். "அதெல்லாம் ஏனுங்க இப்ப? நீங்க சொல்லியிருந்தா எடம் எனக்கா திரும்பி வந்திருக்கும்? என் வயசு என் வயசுதானுங்களே. வேற எவனாச்சும் போயிருப்பான். நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர் போனாப் போதும்னுதான் நானும் அப்படிச் சொன்னேன்."

பிறகு ஒவ்வொரு ஆட்டத்தையும் கேட்டான். பந்து கனமா, வலை உயரம் சரியாக இருந்ததா, எனக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவன் எப்படி என்று. இத்தனை ஆண்டுகளில் யாரும் கேட்காத கேள்விகள். நான் சொல்லச் சொல்ல அவன் விரல்கள் காற்றில் பந்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தன. எனக்கு மனசு லேசானது. மன்னித்துவிட்டான், இனி நிம்மதியாகப் பஸ்ஸில் போகலாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

உள்ளேயிருந்து ஒரு பையன் புதுச் சீருடையில் ஓடிவந்து அவன் மடியில் ஏறினான். அவன் மகன். கை காலெல்லாம் நீளமாக இருந்தான். வயது என்ன என்று கேட்டேன்.

"ஆறு முடிஞ்சு போச்சுங்க. நேத்துத்தான் பள்ளிக்கூடத்துல சேத்தேன். நாலரைன்னு போட்டிருக்குதுங்க. பையன் ஒசரமா வருவான் பாருங்க, ஆட்டத்துக்கு ஆவான்." மகனின் தலையைத் தடவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். "எங்கப்பா பண்ணுன தப்ப நானும் பண்ணக் கூடாதில்லீங்களா."

கரண்ட் இன்னும் வரவில்லை. ஓரத்தில் இழை முடிந்துகொண்டிருந்த பெரியவரின் கை ஒரு நொடி நின்று, மறுபடியும் வேலையைத் தொடர்ந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் ஆறிப்போன காபியைக் குடித்து முடித்தேன்.