அன்வர் அண்ணனின் ஊதா

செய்தி வந்தபோது என் விரலில் பசை இருந்தது. பொம்மை வீரர்களின் காலடித் தட்டுகளில் மணல் ஒட்டிக்கொண்டிருந்தேன். சோமனூரிலிருந்து பிரபு அழைத்தார்.

"ஏனுங்க, ஊட்லதான இருக்கீங்க?"

"ஆமாங்க பிரபு, சொல்லுங்க."

"அன்வர் அண்ணன் தவறிட்டாருங்க. காலைல. வேலைக்குப் போற வழில."

கையிலிருந்த தட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

நெஞ்சு வலித்ததும் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்கிறார். ஸ்டாண்ட் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஒரு கடைப்படியில் உட்கார்ந்திருக்கிறார். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயது.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கோவை கரும்புக்கடைப் பகுதியில் அவரைப் பல் செட்டு அன்வர் என்பார்கள். செயற்கைப் பல் செய்யும் லேப்பில் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காகப் பீங்கான் பூசிப் பல்லை உருவாக்குவார். அதே தூரிகையை ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொன்றுக்குப் பயன்படுத்தினார். கோவை ராமநாதபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கும் அறையில், பிரபு உட்பட நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். விரல் நீளம்கூட இல்லாத பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி, பகடை உருட்டி, பழைய போர்களை ஆடிப் பார்ப்போம். வயது வந்தவர்கள்தான். கீழே தேங்காய் பன் வாங்க வருகிறவர்கள் பகடைச் சத்தம் கேட்டுத் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். எங்களைப் பார்த்ததும் சிரிப்பார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் நான் அங்கே முதன்முதலாகப் போனபோது, வண்ணம் பூசாத சாம்பல் நிற வீரர்களைக் கொண்டுபோயிருந்தேன். அண்ணன் ஒருவனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இவங்கெல்லாம் சண்டைக்கு முன்னாடியே மவுத்தாயிட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

அவருடைய வீரர்களுக்கு அரிசி அளவு முகம். ஒவ்வொன்றும் வேறு. அவரிடம் பல் செய்துகொண்டவர்களின் முகங்கள். "இவரு கிணத்துக்கடவு தோப்புக்காரரு. மேல் செட்டு போடவே மாட்டேன்னு அடம். அதுதான் வாயத் தொறக்காம நிக்கறாரு." உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். உண்மையிலேயே உதடு உள்ளே மடிந்திருந்தது.

ஆட்டத்தில் அநேகமாகத் தோற்பார். படையை எப்போதும் முன்னாலேயே தள்ளுவார். பின்வாங்கச் சொன்னால் கேட்க மாட்டார்.

"எதிராளி பக்கத்துல வந்து பெயின்ட்டப் பாக்க வேண்டாமுங்களா?"

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் பெங்களூர் கன்வென்ஷனில் நடக்கும் போட்டிக்கு நானும் அண்ணனும் பெயர் கொடுத்தோம். இரண்டு நாள். அணிக்கு இருவர். நாட்டின் பல ஊர்களிலிருந்து வருவார்கள். எங்கள் அறையிலிருந்து யாரும் அதுவரை போனதில்லை. அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. வண்ணம் பூசாத ஒரு பொம்மைகூட மேசை ஏறக்கூடாது. நாங்கள் மைசூர்ப் படையைத் தேர்ந்தெடுத்தோம். எண்பத்து நான்கு பேர். ஊதா மேலங்கி, அதில் புலிக்கோடுகள். காலடித் தட்டும் கொடியும் என் பொறுப்பு. வண்ணம் அவர் பொறுப்பு.

கடையில் கிடைத்த ஊதா அவருக்குப் பிடிக்கவில்லை. "கத்திரிக்காய் மாதிரி இருக்குதுங்க." லேப்பில் பல்லுக்கு நிறம் ஏற்றும் பொடியைக் கொஞ்சம் கலந்து பார்த்தார். ஜன்னலருகே கொண்டுபோய், தலையைச் சாய்த்து, நெடுநேரம் பார்த்தார்.

"பல்லோ படையோ, நெறத்த வெயில்லதான் பாக்கோணும்."

நான்கு மாதம். எண்பத்து நான்கு பேர். கையாலேயே ஒரு காப்புப் பூச்சும் கொடுத்து, பெட்டியை என்னிடம் தந்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சி போனார். ஜூன் மாதம். பாலக்காட்டுப் பக்கமிருந்து சாரல் விடாமல் வந்துகொண்டிருந்தது.

"கடைசி வார்னிஷ ஸ்ப்ரேல அடிக்கோணும். ஆனா மழ விடட்டுமுங்க. ஈரத்துல ஆகாது. நான் வந்தர்றேன்."

நான் காத்திருக்கவில்லை. கன்வென்ஷன்காரர்கள் படையின் புகைப்படம் கேட்டிருந்தார்கள். அதற்கு இன்னும் நிறைய நாள் இருந்தது. ஆனால் அந்த ஞாயிறே அனுப்பிவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு. பால்கனியில் செய்தித்தாள் விரித்து, எண்பத்து நான்கு பேரையும் நிறுத்தி, ஸ்ப்ரே அடித்தேன்.

பத்து நிமிடத்தில் வெளுத்துவிட்டார்கள். திருநீறு பூசியதுபோல. ஊதா இல்லை. கோடுகள் இல்லை. தோப்புக்காரரின் வாய் இல்லை.

மாலையில் அண்ணன் அழைத்தார். பின்னணியில் கல்யாண வீட்டுச் சத்தம்.

"படை எப்படி இருக்குதுங்க அம்மணி?"

"அண்ணா, தெரியலைங்கண்ணா. பெட்டியத் தொறந்தேன். எல்லாம் வெளுத்துக் கெடக்குது."

"ஸ்ப்ரே எதாச்சும் அடிச்சீங்களா?"

"இல்லீங்கண்ணா."

அந்த ஒரு சொல்லைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத வந்தேன்.

கல்யாணச் சத்தத்திலிருந்து அவர் தள்ளிப் போனார். பிறகு, "அப்ப என்ர கலவைதாங்க தப்பு. லேப் பொடியக் கலந்திருக்கக் கூடாது. நெனச்சேன்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "உங்க கைல குடுத்த நேரத்துல இப்படி ஆயிப்போச்சு. நீங்க பயந்திருப்பீங்க" என்றும் சொன்னார்.

மறுநாளே ஊர் திரும்பி, பெட்டியை வாங்கிக்கொண்டு போய் ஆரம்பித்தார். பன்னிரண்டு பேராக எடுத்து, கரைசலில் ஊறவைத்து, பழைய வண்ணத்தைத் தேய்த்து நீக்கி, கடை ஊதாவால் மறுபடியும் முதலிலிருந்து. காலையில் பஜ்ர் தொழுதுவிட்டு உட்காருவார். மதியம் லேப்பில், டிபன் டப்பாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு.

மூன்று தொகுதி முடிந்திருந்தபோது, பேக்கரி மாடியில் பிரபு தன் பொம்மை யானை ஒன்றைக் காட்டினார்.

"போன வருசம் ஈரத்துல ஸ்ப்ரே அடிச்சுப்போட்டேனுங்க. சுண்ணாம்பாட்ட ஆயிருச்சு. அப்புறம் ஒருத்தரு சொன்னாரு. நல்ல வெயில் நாள்ல அதுமேலயே இன்னொருக்கா அடிச்சேன். கலர் அப்படியே திரும்ப வந்துருச்சு."

அண்ணன் அன்று வரவில்லை. வீட்டில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது இன்னும் நாற்பத்தெட்டுப் பேர் தேய்க்கப்படாமல் இருந்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு காலை வெயிலில் அவர்கள் எல்லோரும் திரும்பியிருப்பார்கள். பேருந்தில் வரும்போது அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகு மூன்று ஞாயிறுகள் வந்தன. மூன்றிலும் அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி ஞாயிறு அவர் கண்கள் சிவந்திருந்தன.

"கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கண்ணா. அடுத்த வருசம்கூடப் போலாம்."

"அதெப்படிங்க? என்ர தப்புக்கு நீங்க ஏன் ஒரு வருசம் காத்திருக்கோணும்?"

நான் தலையைக் குனிந்து மணலைச் சலித்தேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஷகீலா அக்கா இத்தா இருக்கிறார். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வரமாட்டார். உள்ளறையில் உட்காரவைத்து, டீ கொடுத்து, பெட்டியை எடுத்துவந்து என் முன் வைத்தார்.

"இத நீங்களே கொண்டு போங்க அம்மணி. இன்னும் பன்னெண்டு பேரு பாக்கி. அதுக்குள்ள..."

சொன்னேன். பால்கனி, ஸ்ப்ரே, பொய், பிரபுவின் யானை, மூன்று ஞாயிறு. வரிசையாக. நடுவில் அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்றவேண்டி வரும் என்று தோன்றியது.

ஷகீலா அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"டாக்டரு சொன்னாரு, ரொம்ப நாளா இருந்த அடைப்பாம். இதுனால இல்லீங்க." பெட்டியை என் பக்கம் திருப்பினார். "ஆனா அந்த ஆறு வாரமும் என்ர கலவை, என்ர கலவைன்னு பொலம்பிக்கிட்டே இருந்தாரு. சோத்துல கைய வெச்சுக்கிட்டே."

வெளுத்த வீரர்களை விரலால் தொட்டார்.

"இந்தப் பன்னெண்டு பேருக்கும் இன்னொருக்கா அடிச்சாச் சரியாயிருமா?"

"ஆகும்னு பிரபு சொன்னாருங்க்கா."

"அப்ப இப்பவே அடிங்க. நான் பாக்கோணும்."

மொட்டை மாடியில் வெயில் இருந்தது. மழைக்கு நடுவே வருகிற சுத்தமான வெயில். ஷகீலா அக்கா வெளியே வரவில்லை. மாடிக் கதவுக்குள், நிழலில் நின்றார். அண்ணனின் பெட்டியிலேயே ஸ்ப்ரே இருந்தது. பன்னிரண்டு பேரையும் கைப்பிடிச் சுவரில் நிறுத்தி, அடித்தேன். ஸ்ப்ரேயின் ஈரம் பட்டதும் வெண்மை கரைந்தது. முதலில் தலைப்பாகை. பிறகு முகம். பிறகு ஊதா.

அது கடை ஊதா அல்ல. புதிதாகப் பூசிய எழுபத்திரண்டு பேரிடமும் இல்லாத ஊதா. உள்ளிருந்து வெளிச்சம் வருவதுபோல, பல்லுக்குள் இருக்குமே அந்த மாதிரி. காயும்வரை நின்றேன். நிறம் போகவில்லை.

ஒரு தட்டில் வைத்து, கதவருகே கொண்டுபோனேன். ஷகீலா அக்கா ஒருவனை எடுத்தார்.

"அப்ப மொதல்ல அவரு செஞ்சதுதான் சரி."

"ஆமாங்க்கா."

"அவருகிட்டச் சொல்லியிருந்தா உங்கள ரெண்டு திட்டுத் திட்டிப்போட்டுச் சிரிச்சிருப்பாருங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல அவருக்குக் கோபமே வராது." வீரனைத் தட்டில் திரும்ப வைத்தார். "நான் அப்படி இல்லீங்க அம்மணி. எனக்குக் கொஞ்ச நாளாகும்."

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கிப் போனார். நான் தட்டுடன் நின்றேன்.

சனிக்கிழமை பெங்களூரில், பிரபு என்னுடன் ஆடுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் முன்வரிசையில் நிற்பார்கள். யாராவது குனிந்து, இந்த ஊதாவை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார்கள். கோயம்புத்தூரில் பல் செய்கிற அன்வர் என்பவர் கலந்தது என்று சொல்வேன். அதில் எந்தத் தவறும் இல்லை என்று சொல்வேன். முன்பின் தெரியாதவர்களிடம் அதைச் சொல்வது எளிது.

போய்ட்டு வாரேனுங்கண்ணா. உங்கள் கலவை சரிதான்.